மாடியில் பதினெட்டுக் குழந்தைகள், கீழே ஒரு முள்

ஆயா வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதல் மாதம் இடுப்பு வலிக்கும், தொண்டை கட்டும். அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதது ஒன்று உண்டு. “குதிக்காதே” என்கிற வார்த்தை நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நமக்கே தெரியாமல் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவோம். குதிக்காதே, ஓடாதே, ஏறாதே, உருளாதே. நான் ஐந்தாவதுதான் படித்தேன். அதனால் பெரிய விஷயம் எதுவும் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வார்த்தை என் வாயை விட்டு எப்படிப் போயிற்று என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் காப்பகம் ஜூஜுவாடிப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து இரண்டாவது தெருவில், ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. கம்பெனிக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள், நடக்கிறவை பதினெட்டுப் பேர், தூளியில் கிடக்கிற கைக்குழந்தை ஒன்று. எல்லாம் நாலு வயதுக்கு உட்பட்டவை. அம்மாமார்கள் காலையில் கம்பெனி பஸ் பிடிக்கப் போகிற வழியில் விட்டுவிட்டுப் போவார்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் வந்து தூக்கிக்கொள்வார்கள். வெளியே விளையாட இடமே கிடையாது. வாசலில் கால் வைத்தால் லாரி. ஆகவே பிள்ளைகளுக்கு அந்த ஒரே ஒரு டைல்ஸ் போட்ட பெரிய அறைதான் மைதானம்.

அந்த அறையில் நான் இரண்டு வருடம் பிள்ளைகளை உட்காரவைத்தே வளர்த்தேன். அப்புறம் டீச்சர் வந்தார். வயது இருபத்தி நாலு. என் கடைசி மகளைவிடச் சின்னவர். வந்த முதல் நாளே பெஞ்சுகளைச் சுவர் ஓரம் தள்ளி, தரையில் சாக்பீஸால் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டார். நான் மாப்போடு போய் நின்றேன்.

“அம்மா, இந்தக் கோட்டை மட்டும் துடைக்காம விடுங்க. புள்ளைங்க நடக்கட்டும்.”

“நடக்கிறதுக்கு எதுக்குங்க கோடு?”

“நீங்க ஒரு தடவை நடந்து பாருங்களேன்.”

வெட்கப்பட்டு நான் நடக்கவில்லை. பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு அடிக்கு அடுத்து ஒரு அடி வைத்து நடந்தார்கள். அவ்வளவு நேரம் அந்த அறை சத்தமில்லாமல் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து போவது, கரடி மாதிரி கையாலும் காலாலும் நடப்பது, ஒரு பழைய சேலையைச் சுற்றி எல்லோரும் பிடித்துக்கொண்டு நடுவில் பந்தைப் போட்டுத் தூக்கித் தூக்கிக் குதிக்கவைப்பது, இப்படித் தினம் ஒன்று நடந்தது. டீச்சர் விளையாட்டுக் காட்டியதைவிட, பிள்ளைகளைப் பார்த்த விதம்தான் எனக்கு ஆச்சரியம். மஞ்சு என்று ஒரு பையன் இருந்தான். நாலு வயது. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அடிப்பான். நான் அவனை மூலையில் உட்காரவைப்பேன். டீச்சர் பழந்துணி மூட்டை ஒன்றைக் கட்டி, “மஞ்சு, இதை அந்தச் சுவர் வரைக்கும் தள்ளிட்டு வந்தா எனக்கு உதவியா இருக்கும்” என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் நாலு தடவை தள்ளுவான். முகம் சிவந்துபோகும். அப்புறம் பசுமாடு மாதிரி அமைதியாக உட்கார்ந்து சாப்பிடுவான். அவன் அடித்ததெல்லாம் கெட்ட புத்தியால் இல்லை, உடம்புக்கு வேலை இல்லாததால்தான் என்று அந்தப் பெண்ணுக்கு ஒரே வாரத்தில் தெரிந்தது. எனக்கு இரண்டு வருடத்தில் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்குப் பிடித்தது குட்டைப் பெஞ்சின் மேல் ஏறித் தரையில் குதிப்பதுதான். வினை அதில்தான் வந்தது.

எங்களுக்குக் கீழே பாய் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன இரும்புச் சாமான் லேத் மிஷினில் கடைந்து கொடுக்கிற பட்டறை. சாமானைக் கடைந்ததும் அளவு பார்க்க வேண்டும். அதற்காக ஒரு தனி அறையில், வழவழவென்று இழைத்த கருங்கல் மேசையின் மேல் ஒரு டயல் வைத்திருந்தார். கைக்கடிகாரம் மாதிரி வட்டமாக இருக்கும், நடுவில் ஒரு முள். தலைமுடியில் பாதியளவு கூடினாலும் குறைந்தாலும் அந்த முள் நகர்ந்து காட்டிவிடும்.

ஒருநாள் பாய் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

“டீச்சரம்மா, உங்க புள்ளைங்க மேல குதிச்சா என் முள்ளு கீழ குதிக்குதுங்க.”

“புரியலையே பாய்.”

“நேத்து நல்ல சாமானைக் கழிவுன்னு ஒதுக்கிட்டேன். கழிவை நல்லதுன்னு அனுப்பிட்டேன். கம்பெனிக்காரன் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிட்டான். எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்குதுங்க, நான் புள்ளைங்கள வையறதுக்கு வரல. ஆனா என் பொழப்பையும் பாக்கணுமில்ல?”

பாய் பேசியதில் ஒரு பொய்யும் இல்லை. மூன்றாவது முறை கட்டடக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த அந்தக் கட்டடக்காரர், எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர். பாதி கன்னடம், பாதி தமிழ் பேசுவார்.

“ஆகல்லா டீச்சர், முடியாது. பாய் பத்து வருஷமா இங்க இருக்காரு. மாசக் கடைசிக்குள்ள அவரு முள்ளு துள்றது நிக்கலைன்னா, நீங்க ரூமைக் காலி பண்ணிடுங்க.”

அவர் போன பிறகு அம்மாமார்களுக்குச் சொன்னோம். நடந்து போகிற தூரத்தில் வேறு காப்பகம் இல்லை. மூன்று வயது தர்ஷினியின் அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவார். “புள்ளையக் கொண்டுபோய் நாகரசம்பட்டியில எங்கம்மாகிட்ட விடணும், இல்லாட்டி வேலையை விடணும். ரெண்டும் என்னால முடியாதுங்க” என்றாள்.

பெஞ்சில் ஏறுவதை டீச்சர் நிறுத்திவைத்தார். நான் அதற்கு மேலே போனேன். டீச்சர் இல்லாத நேரமெல்லாம் பிள்ளைகளை அசையவிடாமல் உட்காரவைத்தேன். நாலு நாளில் மத்தியானத் தூக்கம் போயிற்று. ஒருத்தியை ஒருத்தி கடித்தாள். மஞ்சு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தான். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது.

ஒரு அம்மா பேக்கிங்கில் வேலை செய்தாள். சாமான் கீறாமல் இருக்கச் சுற்றி அனுப்புகிற வெள்ளை ஃபோம் ஷீட் அவளிடம் கேட்டேன். வீணாய்ப் போனது ஒரு கட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் பின்னறையில் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்த சமயம், தரை முழுக்க இரண்டு அடுக்காக விரித்தேன். இனி தொம் தொம் என்று கேட்காது, டீச்சர் வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்பதற்கு எனக்கு எப்போதும் கூச்சம். கூச்சத்தால் செய்கிற தப்பு தைரியத்தால் செய்கிற தப்பைவிடப் பெரியது என்பதை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டைப் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறச் சொன்னேன். முதல் பிள்ளை பெஞ்சிலிருந்து குதித்தது. சத்தமே இல்லை. எனக்குப் பெருமை. இரண்டாவது தர்ஷினி. அவள் கால் பட்டதும் ஷீட் டைல்ஸ் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. முகம் குப்புற விழுந்தாள். தாடை கிழிந்து ரத்தம் கொட்டியது.

டீச்சர் ஓடி வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை, ஷீட்டையும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, சுத்தமான துணியை மடித்துத் தாடையில் அழுத்திப் பிடித்தார். அழுகிற மற்ற பிள்ளைகளிடம் சாதாரணக் குரலில், “எல்லாரும் சுவத்துல முதுக ஒட்டிக்கிட்டு உக்காருங்க. தர்ஷினிக்குக் காத்து வேணும்” என்றார். பதினேழு முதுகுகள் சுவரில் ஒட்டிக்கொண்டன. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

“அம்மா, நீங்க தூக்குங்க. உங்க தோள்லதான் இவ அழுகை நிக்கும்.”

ஷீட்டை விரித்தது என் கை. அந்தக் கையில்தான் பிள்ளையைக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணை மற்ற பிள்ளைகளோடு இருக்கவைத்துவிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று தையல். திரும்பும்போது நான் மெதுவாகக் கேட்டேன்.

“டீச்சர், வெறுமனே ஓடுறப்ப விழுந்துட்டான்னு சொல்லிடலாமா?”

“சொல்லலாம்மா. தர்ஷினிக்குப் பேசத் தெரியும். அவ நாளைக்கு வீட்ல வேற மாதிரி சொன்னா, யாரு சொல்றது பொய்யின்னு அவங்கம்மா முடிவு பண்ணுவாங்க? புள்ளையப் பொய்க்காரி ஆக்கிட்டா அப்புறம் நமக்கு எதுக்கு இந்த வேலை?”

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டீச்சர் கேட்டுக்குப் போன் செய்து, பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லி, அப்புறம் அடிபட்டதைச் சொல்லச் சொன்னார். அந்த வரிசை மாறினால் அந்த அம்மா மிஷின் முன்னால் நின்றுகொண்டு என்ன ஆவாள் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்துக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றோம்.

“நாங்க தரையில போட்ட ஷீட்டு வழுக்கி விழுந்துட்டா. மூணு தையல் போட்டிருக்கு. தப்பு எங்களோடது” என்றார் டீச்சர்.

ஆயா போட்டது என்று சொல்லவில்லை. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. “நான்தான் போட்டேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

தர்ஷினியின் அம்மா என்னைத் திட்டவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். “நாளைக்கும் உங்ககிட்டதான் ஆயாம்மா விட்டுட்டுப் போகணும். வேற யாரு இருக்கா எனக்கு?” என்றாள். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார், இல்லை கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன்.

“பாய், அந்த முள்ள நான் பாக்கலாமா?”

 பாய் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, புதுமாப்பிள்ளையை அறிமுகம் செய்கிற மாதிரி அந்த அறையைத் திறந்து காட்டினார். கல் மேசை எந்த ஊர்க் கல், டயலை எப்படிப் பிடிக்க வேண்டும், மூச்சுக் காற்றுச் சூடு பட்டால்கூட அளவு எப்படி மாறும், எல்லாம் சொன்னார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் பேசப் பேச எனக்கும் அவர் மேல் மரியாதை வந்தது. நாம் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவர் இரும்பைப் பார்க்கிறார்.

டீச்சர் என்னை மேலே அனுப்பி, போனில் பேசினார். “அம்மா, மஞ்சுவை மட்டும் நின்ன எடத்துல குதிக்கச் சொல்லுங்க... இப்ப நீங்க குதிகாலைத் தூக்கி ஒரு தடவை தட்டுங்க... இப்ப முன்னங்கால்ல நின்னு முட்டிய மடக்குங்க.” அரைமணி நேரம் இப்படி நடந்தது. மேலே வந்தபோது அவர் முகம் பளிச்சென்று இருந்தது.

“குதிகால்ல விழுந்தா முள்ளு துள்ளுது. முன்னங்கால்ல விழுந்து முட்டி மடங்கினா அசையவே இல்ல. அம்மா, பாய்க்கு எது கெடுதலோ அதேதான் நம்ம புள்ளைங்க முட்டிக்கும் கெடுதல். இவ்வளவு நாள் நான் குதிக்கக் கத்துக்குடுத்தேன், இறங்கக் கத்துக்குடுக்கவே இல்ல.”

சண்டைக்கு வந்தவரிடமிருந்து பாடம் கற்றுக்கொண்டு வந்த ஆளை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

பத்து நாள் பெஞ்சு கிடையாது. தரையில் ஒரு டைல்ஸிலிருந்து அடுத்த டைல்ஸுக்குக் குதிக்க வேண்டும். பூனை எப்படி இறங்கும், தவளை எப்படி உட்காரும் என்று பழகினார்கள். சில பேருக்கு வந்தது. சில பேருக்கு ஒருநாள் வரும், ஒருநாள் வராது. அதற்குள் மாதக் கடைசி நெருங்கிவிட்டது. டீச்சர் பாயிடமும் கட்டடக்காரரிடமும் போய்க் கேட்டு, ஒரு பரீட்சைக்கு ஒத்துக்கொள்ள வைத்தார். பதினோரு மணிக்கு மேலே பிள்ளைகள் குதிப்பார்கள். கீழே பாயும் கட்டடக்காரரும் முள்ளைப் பார்ப்பார்கள். துள்ளினால் காலி செய்துவிட வேண்டும்.

“டீச்சரும் எங்ககூட கீழ நிக்கட்டும். அப்புறம் முள்ளு ஆடல, நீங்க பொய் சொல்றீங்கன்னு பேச்சு வரக்கூடாது” என்றார் கட்டடக்காரர்.

“அப்ப மேல?” என்றேன்.

“நீங்கதான்மா.”

“எனக்குச் சத்தம் போட வராதுங்க டீச்சர்.”

“சத்தம் போடாத ஆளுதான்மா வேணும்” என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பதினெட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தினேன். “மெதுவாக் குதிக்கணும், சத்தம் வரவே கூடாது, வந்தா நம்ம ரூம் போயிடும்” என்றேன். சொன்னதும் பார்த்தேன், ஒவ்வொரு பிள்ளைக்கும் தோள் மேலே ஏறியது. முட்டி விறைத்தது. தர்ஷினி பிளாஸ்திரி ஒட்டிய தாடையைக் கையால் பொத்திக்கொண்டாள். விழுந்தது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பயந்த கால் மடங்காது. இப்படியே குதித்தால் எல்லோரும் குதிகாலில்தான் விழுவார்கள். என் பயத்தை எடுத்துப் பதினெட்டுப் பேருக்கும் பங்கு வைத்துவிட்டேன்.

கீழே போய்க் கேட்க நேரம் இல்லை. சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்கவும் முடியாது. மூலையில் மஞ்சுவின் தம்பி தூளியில் படுத்திருந்தான். பத்து மாதப் பிள்ளை, பல் முளைக்கிற நேரம். காலையிலிருந்து அழுது அப்போதுதான் கண் மூடியிருந்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நான் பேசவில்லை. வாயில் விரலை வைத்தேன். தூளியைக் காட்டினேன். பதினெட்டுத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. தோள்கள் இறங்கின.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் நானே குதித்தேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். தர்ஷினி பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாள். என் பின்னால் இரண்டாவதாக வந்தவள் அவள்தான். டைல்ஸ் டைல்ஸாகத் தாவி, தூளி வரைக்கும் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். தூங்குகிறான் என்று தலையாட்டினாள். திரும்பித் தாவி வந்தாள். ஒவ்வொருத்தராகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். கடைசியில் எல்லோரையும் சேர்த்து, கையைக் காட்டி, மூன்று தடவை குதிக்கவைத்தேன். பாவாடையும் டிரவுசரும் உரசுகிற சத்தம்தான் கேட்டது. தூளியில் ஒரு சின்னக் கைவிரல் விரிந்து மூடியது.

சுவர் ஓரம் உட்கார்ந்து காத்திருந்தோம். யாரும் வரவில்லை. கடிகாரம் பதினொன்றே காலைத் தாண்டியது. முள் துள்ளியிருக்கும், கீழே டீச்சர் கெஞ்சிக்கொண்டிருப்பார் என்று என் மனதுக்குள் ஓடியது. மாடிப்படியில் காலடி கேட்டது. மூன்று பேரும் வந்தார்கள். பாய்தான் முன்னால் வந்தார். முகத்தில் எரிச்சல்.

“ஏன் ஆயாம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா? கால்மணி நேரமா முள்ளையே பாத்துக்கிட்டு நிக்கிறோம். இவருக்கு வேற ஜோலி இருக்குதாம்.”

 மஞ்சு எழுந்து போய் பாயின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“ஷ்ஷ்! கத்தாத தாத்தா. எல்லாரும் குதிச்சு முடிச்சிட்டோம். தம்பி தூங்குறான்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். டீச்சர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண் நிறைந்துவிட்டது.

“நடுவுல மூணு தடவை லேசா அசைஞ்சுதே,” என்று பாய் கட்டடக்காரரிடம் குசுகுசுவென்று சொன்னார். “ரோட்டுல லாரி போவுதுன்னுல்ல நெனச்சேன்.”

கட்டடக்காரர் தூளியைப் பார்த்தார், சுவரோரம் வாயில் விரலை வைத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். “இருங்கம்மா, இங்கயே இருங்க” என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிவிட்டு, அவ்வளவு பெரிய மனிதர், முன்னங்காலில் நின்று, முட்டியை மடக்கி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.